சால்வைக்குப் பயந்தவன்

"எங்க அண்ணன் சங்கு பிடிக்கக் கடலுக்குள்ள இறங்கினா, கடலே ஒதுங்கி வழி விடும் மேடம். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஞாயித்துக்கிழமையில இருந்து காணோம்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்தப் பெண். பெயர் ஜெஸ்லின், ஊர் மணப்பாடு என்று சொல்லியிருந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையின் மாடியில் இருந்தது 'ஈவா துப்பறியும் நிலையம்'. முந்திரியும் சீனியும் வேகும் வாசனை எந்நேரமும் கீழேயிருந்து ஏறி வரும். அங்கே வந்து அழுகிறவர்கள்கூட நடுநடுவே எச்சில் விழுங்கிக்கொண்டுதான் அழுவார்கள்.

நிலையத்தின் உரிமையாளர் ஈவாஞ்சலினுக்கு நாற்பத்தைந்து வயது. போலீசில் இருந்தவள். பெரிய இடத்துக்குப் பிடிக்காத ஒரு உண்மையைக் கண்டுபிடித்துத் தொலைத்ததற்காக ஊர் ஊராக மாற்றப்பட்டு, பெட்டி கட்டிக் கட்டி அலுத்துப்போய் வேலையை விட்டவள். உதவியாளன் பாலகணேஷ் ஓட்டப்பிடாரத்து மளிகைக் கடைக்காரரின் மகன். கடையில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களிடம் வாயை அடக்க வேண்டியிருக்கிறது என்பதால் இங்கே வந்து சேர்ந்தவன்.

ஜெஸ்லின் தேடுகிற அண்ணனின் பெயர் சிலுவை. வலம்புரித்துறைக் கடற்கரையில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்களின் சங்கத் தலைவர். அந்தக் கடற்கரையில் தனிப் படகுத்துறையோடு ஓர் உல்லாச விடுதி கட்டத் திட்டம் வந்திருந்தது. நாளைக் காலையில் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். சிலுவை எழுந்து 'வேண்டாம்' என்றால் துறை முழுக்க வேண்டாம் என்று நிற்கும். அவர் வரவில்லையென்றால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டாள் ஈவாஞ்சலின்.

"அய்யோ, இல்ல மேடம். எல்லாருக்கும் அண்ணன் மேல உசுரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

சிலுவை சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய ஒரு படத்தை ஈவாஞ்சலினின் செல்போனுக்கு அனுப்பிவிட்டு அவள் எழுந்தாள். படத்தின் கீழே, 'நல்லா இருக்கேன். தேட வேண்டாம்' என்று இருந்தது.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் பாலகணேஷ் கதவைச் சாத்தினான்.

"அக்கா, இதுல துப்பறியதுக்கு என்ன இருக்கு? விடுதி கட்டப் போறது விஜயராஜ் அண்ணாச்சி. சிலுவையைத் தூக்கினது அவரு ஆளுங்க. அவரு வீட்டு மாடியில கட்டிப் போட்டிருப்பாங்க."

விஜயராஜ் அண்ணாச்சியைப் பற்றி ஊரில் யாரும் கெட்டதாகப் பேசுவதில்லை. பேசக்கூடிய வாய்களுக்கெல்லாம் அவர் ஏற்கெனவே ஏதாவது செய்திருந்தார். உப்பளம், சரக்குக் கப்பல், கல்லூரி, கண்ணாஸ்பத்திரி, 'அலைவாய் டிவி' எல்லாம் அவருடையவை. அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. தேர்தலில் நின்றதும் இல்லை. நிற்கிறவர்கள் எல்லோரும் முதலில் அவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத்தான் பிறகு தேர்தலில் நின்றார்கள்.

"கட்டிப் போட்டவன் கையில போனைக் குடுத்துப் படம் எடுத்து அனுப்புன்னா சொல்லுவான்?" என்றாள் ஈவாஞ்சலின். "படத்தைப் பாருலே."

படத்தில் சிலுவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய கறுத்த, அகன்ற மனிதர். முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு குவியல்.

"உப்பு அம்பாரம்" என்றான் பாலகணேஷ். "இந்த ஊருல உப்பளத்தைத் தேடுறதும் கல்யாண வீட்டுல வேட்டியைத் தேடுறதும் ஒண்ணுதான்."

"நாற்காலிக்குக் கீழ என்ன இருக்கு?"

ஒரு தண்ணீர் பாட்டில். மயில்கழுத்து நிறத்தில் லேபிள். அதில் 'பானு' என்று பாதிப் பெயர் மட்டும் தெரிந்தது. பாலகணேஷ் படத்தைப் பெரிதாக்கினான். மறுபடியும் பெரிதாக்கினான். முகம் மலர்ந்தது.

"அக்கா, இந்தப் பாட்டிலை எனக்குத் தெரியும். எங்க வீட்டுல இதுல இப்பம் நல்லெண்ணெய் இருக்கு."

"என்னலே சொல்லுத?"

"அண்ணாச்சி மவ பானுப்ரியா கல்யாணம். ஊரையே கூப்பிட்டாருல்லா. ஆளுங்கட்சிக்கு வலது பக்கம் பந்தி, எதிர்க்கட்சிக்கு இடது பக்கம் பந்தி, சாம்பார் வாளி மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு. அன்னைக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டுக் குடுத்த தண்ணி இது."

"அது போன ஆவணியில நடந்த கல்யாணம். இப்பம் ஆடி. பாட்டில் மூடி உடைக்காம இருக்கு பாரு."

பாலகணேஷ் உடனே செல்போனை எடுத்தான். அந்தக் கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்த பிச்சையா அவன் அப்பாவின் கடையில்தான் பருப்பு வாங்குகிறவர்.

"பிச்சையா அண்ணாச்சி, பாலகணேஷ் பேசுதேன். பானுப்ரியா கல்யாணத்துல மிஞ்சின தண்ணி பாட்டிலெல்லாம் எங்க போச்சு?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. "எங்க போகும்? முள்ளக்காட்டுப் பக்கம் இருக்க அவரு உப்பளத்துக்கு லாரியில ஏத்தினாங்க. தீபாவளி போனஸ்."

"தண்ணியவா?"

"ஆளுக்கு ரெண்டு பெட்டி. பொண்ணுக்குப் புள்ளையே பொறந்தாச்சு, அங்கன தண்ணி இன்னும் தீரலையாம்."

செல்போனை வைத்தபோது ஈவாஞ்சலின் ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தாள்.

"பாத்தியளா அக்கா? நான் சொன்னேம்லா. அண்ணாச்சி உப்பளத்துலதான் அடைச்சு வச்சிருக்காரு."

"அப்படின்னா இந்தப் படத்தைப் பாத்ததுமே அவரு ஆளுங்க பதறியிருக்கணும். சங்கத்துக் குழுவுல அவரு ஆளு ஒருத்தன்கூடவா இருக்க மாட்டான்?"

"பாட்டிலைக் கவனிச்சிருக்க மாட்டாங்க."

"ஏன்?"

"கல்யாணத்துக்குப் போன பெரிய மனுசங்க யாரும் பாட்டிலைப் பாக்கலக்கா. எடுத்துட்டு வந்த எங்களுக்குத்தான் லேபிள் தெரியும்."

*

ஆடிக் காற்று ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது. ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பின்னால் வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, நம்ம பின்னால ஒரு வெள்ளைக் கார் ரொம்ப நேரமா வருது."

"இந்தப் பக்கம் வெள்ளைக் காரில்லாம வேற என்ன காரு வரும்? கட்சிக்காரனுவளா இருக்கும்" என்றாள் ஈவாஞ்சலின். அவள் நினைப்பெல்லாம் முன்னால் இருந்தது.

உப்பளத்து ஷெட் வாசலில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் வழியை மறித்து நின்றாள். முருகேஸ்வரி. அங்கே உப்பு வாருகிறவள்.

"இங்கன யாரும் இல்ல" என்றாள், இவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"யாரு இல்லன்னு நாங்க இன்னும் சொல்லவேயில்லையே" என்றான் பாலகணேஷ்.

முருகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஈவாஞ்சலின் ஷெட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சிலுவை அண்ணே, நாங்க போலீசும் இல்ல, ரவுடியும் இல்ல. கொஞ்சம் பேசணும்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

"சால்வை எதுவும் கொண்டு வந்திருக்கியளா?"

ஈவாஞ்சலினும் பாலகணேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லண்ணே."

"மாலை?"

"இல்ல."

"கேமராக்காரன்?"

"ஸ்கூட்டர்ல ரெண்டு பேருக்கு மேல ஏத்தக் கூடாது அண்ணாச்சி" என்றான் பாலகணேஷ்.

தகரக் கதவு திறந்தது. படத்தில் இருந்த அதே மனிதர். உடம்பில் ஓர் அடி இல்லை, கீறல் இல்லை. பார்வை மட்டும் இவர்களுடைய கைகளைத் துழாவியது, எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று.

"உங்களை யாரு இங்க அடைச்சு வச்சது?" என்று கேட்டாள் ஈவாஞ்சலின்.

"யாரு அடைப்பா? நானா வந்து இருக்கேன். அண்ணாச்சி ஆளுங்க ஊரெல்லாம் தேடுவாங்க, அவரு உப்பளத்துல மட்டும் தேட மாட்டாங்கன்னு முருகேஸ்வரிதான் சொன்னா. இவ புருசன் எங்க வள்ளத்துல கடலுக்கு வாரவன்."

"யாருக்குப் பயந்து?"

சிலுவை தரையில் உட்கார்ந்தார். சொல்லக் கூச்சமாக இருப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அருவா வந்தா நின்னிருவேம்மா. எங்க ஆளுங்க சுறா வார தண்ணியில முங்குறவனுவ. ஆனா இவங்க அருவா கொண்டு வரல. மொதல்ல எம் மவளுக்குக் காலேஜுல எடம் வந்துது. நான் கேக்கவேயில்ல, வீட்டுக்கே வந்துது. பெறவு எம் பொண்டாட்டி பிலோமிக்குக் கண்ணுல புரை. அண்ணாச்சி ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல வந்து நின்னு கூட்டிட்டுப் போச்சு. திரும்பி வந்தா ஊசியில நூலு கோக்குறா. அடுத்து கோயிலுக்கு மணி. ஒருத்தன்கூட விடுதியப் பத்திப் பேசல. நல்லா இருக்கிய தலைவரேன்னு மட்டும் கேப்பான்."

"பெறவு?"

"பெறவு, இன்னைக்குச் சாயங்காலம் 'கடல் மாமணி'ன்னு விருதுன்னாங்க. சால்வை போட்டுப் படம் எடுத்து டிவியில காட்டுவாங்களாம். பிலோமியே சொல்லுதா, போய் வாங்கிட்டு வாங்க, கூட்டத்தன்னைக்கு ஒரு நாள் வாய மூடிட்டு இருந்தா என்ன குறைஞ்சுருமுன்னு. அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். எனக்கே அது சரின்னு பட்டுச்சு. அப்பந்தான் பயம் வந்துது. எந்திரிச்சு வந்துட்டேன்."

பாலகணேஷ் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

ஈவாஞ்சலின் மெதுவாகச் சொன்னாள். "உங்க தங்கச்சி ரொம்ப அழுதா அண்ணே. ஒரு வார்த்தை அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"யாரு?"

"ஜெஸ்லின். மணப்பாட்டுல இருக்க தங்கச்சி."

"எனக்குக் கூடப் பொறந்தது மூணு தம்பிமாருல்லா" என்றார் சிலுவை. "தங்கச்சியே கிடையாதே."

காற்று தகரத்தைத் தடதடவென்று ஆட்டியது. ஈவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது இப்போது வெளியே வந்தது.

"சங்கு பிடிக்க" என்றாள். "சங்கு பிடிக்க இறங்குவாருன்னுல்லா அவ சொன்னா, பாலா. கடக்கரையில பொறந்தவ எவளாவது அப்படிச் சொல்லுவாளா? மீனைத்தான் பிடிப்பாங்க. சங்கு குளிப்பாங்க. கட்டியிருந்த புதுப் புடவையில கடைமடிப்புகூட கலையல. நம்மளைத் தேடச் சொன்னது தங்கச்சி இல்லலே. அண்ணாச்சி."

"அப்பம் அந்த வெள்ளைக் காரு?"

கார் ஷெட் வாசலில் வந்து நின்றது.

*

முதலில் இறங்கியவள் ஜெஸ்லின். காலையில் கட்டியிருந்த புடவையைக் காணோம்; அழுக்குப் படாத கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். அடுத்து ஒரு புகைப்படக்காரர். பின்கதவுகள் இரண்டும் ஒரே சமயத்தில் திறந்தன. ஒரு பக்கம் ஆளுங்கட்சியின் நகரப் பிரமுகர் பெனிஸ்டன் இறங்கினார். இன்னொரு பக்கம் எதிர்க்கட்சிப் பிரமுகர் ஐகோர்ட்துரை இறங்கினார். முந்தின நாள் பொதுக்கூட்டத்தில் இவரை அவர் 'நாட்டை விற்றவர்' என்றார். அதற்கு அவரை இவர் 'வீட்டைக்கூட விடாமல் விற்றவர்' என்றார். இப்போது ஒரு பட்டுச் சால்வையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"தலைவரே, இப்படி ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?" என்றார் பெனிஸ்டன். "ஊரே தேடுது. ஒரு அஞ்சு நிமிசம். இங்கனயே போர்த்திட்டுப் போயிருதோம்."

"கட்சி பேதமில்லாம வந்திருக்கோம்" என்றார் ஐகோர்ட்துரை.

சிலுவை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சுறாவைக் கண்டால் அப்படி நின்றிருக்க மாட்டார். புகைப்படக்காரர் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார். அந்தச் சால்வை தோளில் விழுந்து ஒரு படம் வந்துவிட்டால், நாளைக்கு அவர் என்ன பேசினாலும் வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்றுதான் ஊர் சொல்லும்.

ஈவாஞ்சலின் வழியை மறிக்கவில்லை. ஓர் அடி ஒதுங்கிக்கூட நின்றாள்.

"நல்ல காரியம்தான்" என்றாள். "ஏலே பாலா, தலைவருங்க ரெண்டு பேரும் ஒரே கார்ல ஒரே சால்வையோட வந்திருக்காங்க. ஊருக்குத் தெரிய வேண்டாமா? நீயும் எடு."

பாலகணேஷின் செல்போன் அதற்குள் அவர்கள் மூக்குக்கு நேரே இருந்தது.

"அண்ணாச்சிமாரே, இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. நேரலை போய்க்கிட்டு இருக்கு. ரெண்டு கட்சித் தொண்டருங்களும் பாக்காங்க. தோள்ல கைய போட்டுக்கிட்டா இன்னும் நல்லாருக்கும்."

பெனிஸ்டன் சால்வையை விட்டார். உடனே மறுபடியும் பிடித்தார். விடுவதா பிடிப்பதா என்று அவர் கட்சி அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஐகோர்ட்துரை முந்திக்கொண்டார். சால்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். பெனிஸ்டன் மீதிப் பாதிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். ஒரே சால்வைக்குள் இரண்டு கட்சிகளும் தட்டுத் தடுமாறிக் காரை நோக்கி ஓடின. புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார். கார் கிளம்பிவிட்டது.

ஜெஸ்லின் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஏற்றிக்கொள்ள யாருக்கும் நினைவு வரவில்லை.

"நிஜத்துல நீ யாரும்மா?" என்று கேட்டாள் ஈவாஞ்சலின்.

"கம்யூனிகேஷன் கன்சல்டன்ட் மேடம். சென்னை." கண்ணாடியைக் கழற்றினாள். கோபம் ஒன்றும் இல்லை. "பர்சனலா எதுவும் இல்ல. உங்க பில்லை ஆபீசுக்கு அனுப்பிடுங்க."

உயரக் குதிகால் செருப்போடு வரப்பில் நடக்க ஆரம்பித்தாள். முருகேஸ்வரி பின்னால் ஓடிப்போய் அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். மயில்கழுத்து நிற லேபிள்.

"நேரலையில எத்தனை பேருலே பாத்தாங்க?" என்று கேட்டாள் ஈவாஞ்சலின்.

"ஒருத்தரும் இல்லக்கா. டேட்டா காலையிலயே தீந்துட்டு."

*

திரும்பும் வழியில் ஈவாஞ்சலினின் செல்போன் அடித்தது. குரல் மிகவும் தாழ்மையாக இருந்தது.

"யம்மா ஈவாஞ்சலின், விஜயராஜ் பேசுதேன். நம்ம பையங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க போல. மனசுல வச்சுக்காதம்மா. எனக்கு இந்த அரசியலெல்லாம் தெரியாது. நான் உப்பு விக்கிறவன்."

"தெரியும் அண்ணாச்சி."

"நீ இருக்க அந்த மக்ரூன் கடைக் கட்டடம் போன வாரம்தான் நம்ம கைக்கு வந்துது. மாடி மழைக்கு ஒழுகுதாமே. பொம்பளப்பிள்ள எப்படித்தான் இருக்கியோ. நாளைக்கே ஆள் அனுப்பித் தளம் போடச் சொல்லுதேன்."

ஈவாஞ்சலின் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். எத்தனையோ மழைக்காலமாக வாளி வைத்து வாளி வைத்து அவளுக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. 'சரி அண்ணாச்சி' என்பது தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சற்று முன்பு பார்த்த ஒரு கறுத்த, அகன்ற மனிதர் ஏன் இரவோடு இரவாக ஓடினார் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"ஒழுகட்டும் அண்ணாச்சி" என்றாள். "எங்கெங்க ஒழுகுதுன்னு பாக்குறதுதான் எங்க தொழிலே."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். கோபப்படாமல், ரசித்துச் சிரித்தார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

*

மறுநாள் காலையில் அண்ணாச்சியின் திட்டத்தைப் பற்றி மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல, அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. அதிகாரிகள் மேடையில் இருந்தார்கள். மணமக்கள் உட்காரும் அந்த மேடையின் தங்க நிறத் தூண்களை எடுக்க நேரம் இருக்கவில்லை. பெனிஸ்டனும் ஐகோர்ட்துரையும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியவர்கள் எல்லோரும் விடுதியை வாழ்த்தினார்கள். பிறகு சிலுவை எழுந்தார். ஈவாஞ்சலினும் பாலகணேஷும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், யாராவது மாலையோடு வந்தால் தடுப்பதற்கு.

"அண்ணாச்சி எங்க வீட்டுக்குச் செஞ்சதை நான் மறக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார் சிலுவை. "எம் மவளுக்குப் படிப்புக் குடுத்தாரு. எம் பொண்டாட்டிக்குக் கண்ணு குடுத்தாரு. அவரு கடவுள் மாதிரி. வாங்கினவன் திருப்பிக் குடுக்கணும். எங்கிட்ட வள்ளம் இருக்கு, குடுக்கேன். வீடு இருக்கு, அதையும் குடுக்கேன். ஆனா அவரு கேக்கது கடலை. அது என்னோடது இல்ல. ஊரு கடலை எடுத்து என் கடனை எப்படிங்கய்யா அடைப்பேன்?"

பிறகு பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். அதற்குப் பிறகு வலம்புரித்துறை முழுசும் எழுந்து நின்றது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்தத் திட்டத்தை மறுபடியும் ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னார்.

மதியம் கடற்கரை டீக்கடையில் மூவரும் அலைவாய் டிவி பார்த்தார்கள். திரையில் சிலுவையின் முகம் பெரிதாக வந்தது. 'எம் பொண்டாட்டிக்குக் கண்ணு குடுத்தாரு. அவரு கடவுள் மாதிரி.' அதோடு வெட்டு. கீழே எழுத்துகள் ஓடின: 'சங்கு குளிப்போர் தலைவர் உருக்கம். திட்டத்துக்கு வரவேற்பு.' மறுபடியும் அதே முகம், அதே வரி.

சிலுவை டீயைக் கீழே வைத்தார். "நான் பேசினது எங்கம்மா?"

"கடவுளுக்கு அப்புறம் எதுவும் இல்லன்னு நிறுத்திட்டாங்க அண்ணாச்சி" என்றான் பாலகணேஷ். அவன் குரலிலேயே கேலி இல்லை.

அப்போது திரையில் சிலுவையின் வீட்டு வாசல் வந்தது. மூலையில் 'நேரலை' என்று சிவப்பு எழுத்து. ஒரு நிருபர் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டிருந்தார். எதிரே பிலோமி.

சிலுவை எழுந்துவிட்டார். "இவளையுமா? இவதான் என்னை வாய மூடச் சொன்னவ."

"அம்மா, அண்ணாச்சி புண்ணியத்துல கண்ணு கிடைச்சிருக்கு. இப்ப எப்படி இருக்கு, நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார் நிருபர்.

பிலோமி கேமராவை நேராகப் பார்த்தாள்.

"முன்னால எல்லாம் மங்கலாத் தெரியும்யா. யாரோ ஒரு நல்ல மனுசன் நமக்கு உதவி செய்யாருன்னு தெரியும். இப்பம் ரொம்பத் தெளிவாத் தெரியுது. காலையில எம் புருசன் பேசினதை நான் மண்டபத்துல பின்னால உக்காந்து முழுசாக் கேட்டேன். உங்க டிவியில பாதிதான் வந்துது. மீதிய நான் சொல்லுதேன், கடலு எங்க வீட்டுச் சொத்து இல்ல..."

திரை கறுத்தது. உடனே உப்பு விளம்பரம் வந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிச் சிலுவையைப் பார்த்தார்கள். அவர் செல்போன் அடித்தது.

"ஏங்க, நான் பேசினது டிவியில வந்துதா?"

"வந்துது பிலோமி" என்றார். "கொஞ்சம் வந்துது."

"மிச்சத்தை நீங்க வந்து கேளுங்க. எத்தனை நாளா வெளியில சாப்பிடுவிய? சோறு ஆறுது."

சிலுவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் வேகமாக நடந்தார்.